ஆறு குப்பி, ஒரே வாய்

கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது. கொலையாகப் போகிறவன் யாரென்றுதான் தெரியவில்லை.

இருபத்தாறு வருடம் போலீஸில் குப்பை கொட்டிவிட்டு, வேலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்திக்கொண்டிருந்த ஆரோக்கியமேரிக்கு இப்படித் தலைகீழாக ஒரு கேஸ் வந்ததே இல்லை. அவளுடைய உதவியாளன் முஜாஹித் ஆம்பூர்க்காரன். ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் நாலு வருடம் இருந்தவன். மேனேஜர் காலில் போட்டிருந்த ஷூவையே ‘ரிஜெக்ட்’ என்று சொல்லி வேலையைத் தொலைத்தவன். அந்த வாயை மேரி இப்போது மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தாள்.

“இன்னொரு வாட்டி சொல்லுங்க டாக்டர். மெதுவா சொல்லுங்க. என் அசிஸ்டென்டுக்குப் புரியணும்,” என்றாள் மேரி.

“அக்காவுக்குப் புரியலன்னா எப்பவும் என் பேரைத்தான் சொல்லுவாங்க,” என்றான் முஜாஹித்.

டாக்டர் நித்யஸ்ரீ சிரிக்கவில்லை. காட்பாடி பக்கத்தில் இருந்த ஒரு சிறிய வாய்நோய் ஆராய்ச்சி மையத்தில் அவள் வேலை செய்தாள்; இருவரையும் அங்கேதான் வரவழைத்திருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். சரியாகத் தூங்கிப் பல நாளானவள் என்று முகத்தில் எழுதியிருந்தது.

“நம்ம எச்சில்ல சில புரோட்டீன் இருக்கு. வாயில கேன்சர் வந்தா அதோட அளவு ஏறும். நோய் முத்த முத்த இன்னும் ஏறும். அதுல மூணை அளந்து, சேர்த்து ஒரு நம்பர் போடறோம். இருபதுக்குக் கீழ இருந்தா நிம்மதி. அறுபதைத் தாண்டினா ஆளை உடனே கூப்பிடணும். போன மார்ச்சுல ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில கேம்ப் போட்டோம். நூத்தி இருபது பேர் எச்சில் குடுத்தாங்க. அதுல ஆறு பேருக்கு மட்டும் இப்படி.”

அவள் நீட்டிய தாளில், ‘எச்சில் தெளிவு’ என்ற குறிப்போடு ஆறு எண்கள் இருந்தன. எண்பத்து நாலு, எண்பத்து மூன்று, எண்பத்து நாலு, எண்பத்தைந்து, எண்பத்து நாலு, எண்பத்து மூன்று.

“ஆறு பேரையும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா வரவழைச்சு, சந்தேகமா இருந்த இடத்துல சதை எடுத்து டெஸ்ட் பண்ணோம். அஞ்சு மாசம் ஆச்சு. கடைசி ஆளோட ரிசல்ட் இன்னைக்குக் காலையில வந்தது. ஆறு பேருக்கும் கேன்சர் இல்ல.”

“நல்ல சேதிதானே டாக்டர்.”

“எங்க தலைவரும் அப்படித்தான் சொன்னாரு. மெஷின் தப்பு, ஆராய்ச்சியை மூடுன்னுட்டாரு. ஆனா மெஷின் தப்புப் பண்ணினா நம்பர் தாறுமாறா வரணும். ஆறு வாட்டியும் ஒரே மாதிரி வராது.” அவள் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். “இது ஆறு பேரோட எச்சில் இல்ல மேடம். ஒரே ஆளோடது. அந்த ஆள் அந்தக் கம்பெனியில இப்பவும் வேலை பார்த்துட்டு இருக்காரு. மார்ச்சுலயே அவருக்கு எண்பத்து நாலு. இப்ப ஆகஸ்ட். தனக்கு நோய்னு அவருக்கே தெரியாது.”

 மிச்ச எச்சில் இருக்கிறதா என்று மேரி கேட்டாள். கொட்டியாயிற்று. மறுபடி ஒரு கேம்ப் போட முடியுமா என்று கேட்டாள். ஆறு பேரை அஞ்சு மாதம் அலையவிட்டது போதும் என்று கம்பெனி கேட்டைச் சாத்திவிட்டது. அந்த ஆறு பேர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள்.

“எல்லாரும் அவங்கவங்க எச்சில்தான்னு சத்தியம் பண்றாங்க. ஆறாவது ஆள் ராஜவேலு வெளியிலதான் உட்கார்ந்திருக்காரு. நீங்களே கேட்டுப் பாருங்க.”

நடையில் கிடந்த பெஞ்சில் ராஜவேலு உட்கார்ந்திருந்தான். ஒடுகத்தூர்ப் பக்கத்து ஆள். பிழைத்துவிட்டோம் என்று அரைமணி நேரத்துக்கு முன்னால் தெரிந்துகொண்டவனின் முகம் மாதிரி அது இல்லை. அவனோடு துணைக்கு வந்திருந்த பாய்தான் சந்தோஷத்தில் இருந்தார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு. யாரென்று தெரியாத மேரிக்கும் முஜாஹித்துக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து நீட்டினார்.

“குடிங்கம்மா. இவனுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு என் செலவு.”

“உங்களுக்கு எங்க?” என்றான் முஜாஹித். தட்டில் மூன்று டம்ளர்தான் இருந்தது.

“சூடு நமக்கு ஒத்துக்காது தம்பி.”

மேரி ராஜவேலுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கேம்ப் அன்னைக்கு டப்பாவுல துப்பினது நீங்கதானா?”

“ஆமா மேடம். என் வாயி, என் எச்சி.”

முஜாஹித் அவனுடைய பல்லைப் பார்த்தான். பத்து வருடக் குட்கா அதில் சாயமேறிப்போயிருந்தது. “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க எச்சில் தெளிவா இருந்துச்சுன்னு டாக்டர் எழுதி வெச்சிருக்காங்க. அந்த வாயிலேர்ந்து தெளிவா வர்றதுக்கு நீங்க மூணு நாள் வாயில தண்ணி பாய்ச்சியிருக்கணுமே.”

ராஜவேலு தரையைப் பார்த்தான். பாய்தான் குறுக்கே வந்தார். “விடுங்க தம்பி. பொழச்சுட்டான் இல்ல, அத்தோட விடுங்க. அஞ்சு மாசமா ரொம்ப பேஜாராயிட்டான்.” உதட்டைப் பிரிக்காமல் சிரித்தார். நல்ல மனுஷன் என்று முஜாஹித்துக்கு அப்போதே பட்டது. அந்த நினைப்போடு நின்றுவிட்டான் என்பதுதான் அவன் பின்னால் தன்னையே திட்டிக்கொண்டதற்குக் காரணம்.

உள்ளே வந்ததும் மேரி கேம்ப் படிவங்களைக் கேட்டாள். நூற்று இருபது தாள். பெயர், வயது, வேலை செய்யும் பிரிவு, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கையெழுத்து. பாதியை அவள் எடுத்துக்கொண்டு மீதியை முஜாஹித்திடம் தள்ளினாள்.

“இன்னா தேடணும்?”

“தெரிஞ்சா நானே தேடிக்க மாட்டேனா.”

எட்டு மணி இட்லி, எட்டரை மணி பொங்கல் என்று ஆம்பூரின் காலை முழுக்க அந்தத் தாள்களில் இருந்தது. ஆறு பேரின் படிவத்தையும் தனியாக எடுத்து வைத்தபோது முஜாஹித்தின் கை நின்றது. ஆறிலும் கடைசியாகச் சாப்பிட்ட நேரம் காலை நாலரை.

“அக்கா, நீங்க காலையில நாலரை மணிக்குச் சாப்பிட்டிருக்கீங்களா?”

“நைட் டியூட்டியில பிஸ்கட் தின்னிருக்கேன்.”

“ஆறு பேரும் சாப்பிட்டிருக்காங்க. ராஜவேலு, தேவசகாயம், கார்முகிலன். இதுல ஒருத்தர் பேரும் எங்க பள்ளிவாசல் லிஸ்ட்ல இல்ல.” அவன் தேதியில் விரலை வைத்தான். “மார்ச் பதினெட்டு. நோன்பு மாசம். நாலரைக்குச் சஹர் சாப்பாட்டை முடிச்சா சாயந்தரம் வரைக்கும் பச்சைத்தண்ணி கெடையாது. இது நோன்பு வெச்சவனோட நேரம்.”

மேரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தாள். சம்பளம் வீண் போகவில்லை என்கிற பார்வை.

“இன்னொண்ணும் இருக்கு,” என்றான் முஜாஹித். “நோன்புல எச்சிலை முழுங்கக்கூடாதுன்னு எங்க தெருவுல பாதிப்பேர் நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. முழுங்கினா ஒண்ணும் ஆவாதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் வருஷா வருஷம் சொல்லிப் பார்க்கறாரு. கேக்க மாட்டாங்க, நாள் பூரா துப்பிக்கிட்டே இருப்பாங்க. இவங்க ஆறு பேரும் அந்த ராஜவேலு மாதிரி குட்கா கேசாத்தான் இருக்கணும். வாய் சுத்தமா ஒரு ஆள் சும்மா தரையில துப்பிக்கிட்டு நிக்கறான். கேட்டு வாங்கியிருப்பாங்க.”

“சரி. ஆனா ஏமாத்தறவன் படிவத்துல தன்னோட நேரத்தைத்தானே எழுதுவான். துப்பினவனோட நேரத்தை எதுக்கு எழுதணும்?”

 பதிலையும் மேரியே சொன்னாள்.

“துப்பினவன் எழுத வெச்சிருக்கான். எச்சில் என்னுதா இருந்தா நேரமும் என்னுதா இருக்கட்டும், இல்லன்னா டெஸ்ட் தப்பாயிடும்னு. பொய்க்கு ஒத்தாசை பண்ணும்போதுகூட கணக்கா பண்ணியிருக்கான். நாம தேடறது ஒரு யோக்கியனைடா.”

யோக்கியன் என்பது நல்ல அடையாளம்தான். ஆனால் அந்தக் கம்பெனியில் நோன்பு வைத்தவர்கள் மட்டும் இருநூறு பேருக்குக் குறையாது. மேரி ஆறு தாள்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒன்றில் மட்டும் முதலில் ‘எட்டு’ என்று எழுதி, அடித்து, பிறகு நாலரை போட்டிருந்தது. அது தேவசகாயத்தின் படிவம்.

“இவன்கிட்டதான் அந்த யோக்கியன் சண்டை போட்டிருக்கான். கிளம்பு.”

அவர்கள் வெளியே வந்தபோது ராஜவேலுவும் பாயும் இன்னும் பெஞ்சில்தான் இருந்தார்கள். ஏதோ கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். பாய் தலையசைத்தார். முஜாஹித்தும் தலையசைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

ஆம்பூர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கம்பெனிக்கு எதிர் டீக்கடையில் அவர்கள் இறங்கவும் சாப்பாட்டு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. தேவசகாயத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

மேரி தன்னை யாரென்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “உனக்கு நோய் இல்ல தேவசகாயம்.”

“தெரியும் மேடம். ஏப்ரல்லயே சொல்லிட்டாங்க.”

“அப்புறம் ஏன்பா சோறு எறங்கல?”

அவன் பாக்ஸின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தான். மேரி அவசரப்படவில்லை. போலீஸில் அவள் கற்றுக்கொண்ட ஒரே நல்ல பழக்கம் அது.

“உன்னை மாட்டிவிட வரல. கம்பெனிக்குச் சொல்ல மாட்டேன். அந்த டப்பாவுல துப்பின மனுஷன் வாயில கேன்சர் இருக்கு. நீ பேரைச் சொல்லாம இருக்கற ஒவ்வொரு நாளும் அது வளருது.”

தேவசகாயத்தின் கண் நிறைந்தது. “புகையிலை போடறவன் லிஸ்ட் எடுக்கத்தான் கேம்ப்புன்னு சூப்பர்வைசர் விளையாட்டுக்குச் சொல்லிட்டாரு. லிஸ்ட்ல வந்தா வேலை போய்டும்னு பயந்துட்டோம். அன்னைக்குக் காலையிலயே நான் ரெண்டு பாக்கெட் போட்டிருந்தேன். குடோனுக்குப் பின்னால அவரு துப்பிக்கிட்டு நின்னாரு. கீழ துப்பறதை இதுல துப்பு பாய்னு கேட்டோம். சிரிச்சுக்கிட்டே ஆறையும் ரொப்பிக் குடுத்தாரு. நோன்புல எச்சில் இவ்ளோ ஊறுதே பாய்னுகூட கிண்டல் பண்ணோம்.”

வாயில் புண் இருந்தால் எச்சில் ஊறிக்கொண்டேதான் இருக்கும். முஜாஹித்துக்கு அது தெரியும். 

“நேரத்துக்கு மட்டும்தான் மேடம் தகராறு பண்ணாரு. நோன்பு வெச்சிக்கிட்டுப் பொய்நேரம் எழுத விட மாட்டேன்னு. அவரு ஒரு வெறும் பாக்குகூட போட்டதில்ல. பீடி கெடையாது. தனக்கு எதுக்குன்னு கேம்ப்புக்குப் பேர்கூட குடுக்கல. அவருக்கு எப்படி மேடம் வரும்?”

“பேரைச் சொல்லு.”

“ஷபீ அஹமது. எங்க டேபிள்தான். எங்க ஆறு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதே அவருதான், தன் லீவைப் போட்டு. இன்னைக்குக்கூட ராஜவேலுவோட வேலூர் போயிருக்காரு.”

மேரி எழுந்து நின்றாள். ஒன்றரை மணி நேரம் யாரைத் தேடி வந்தார்களோ, அவர் வாங்கிக்கொடுத்த டீ இன்னும் வயிற்றில் இருந்தது. முஜாஹித் டாக்டருக்குப் போன் போட்டான். அவர்கள் பஸ் ஏறி முக்கால் மணி நேரம் ஆகிறது என்றாள் நித்யஸ்ரீ. அந்தப் பாய்தான் என்று அவன் சொன்னான்.

“ஆறு வாட்டி எங்க நடையில வந்து உட்கார்ந்துட்டுப் போயிருக்காரு,” என்றாள் அவள்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ் வந்து நின்றபோது மணி ஒன்றரை. முதலில் இறங்கிய ராஜவேலு அவர்கள் இருவர் முகத்தையும் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தூண் ஓரமாகத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான். பின்னால் இறங்கிய ஷபீ அஹமது, இவர்களை இங்கே எதிர்பார்க்காத ஆச்சரியத்தோடு ஸலாம் சொன்னார்.

முஜாஹித் அவரை பெஞ்சில் உட்கார வைத்தான். வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு வந்திருந்தான். யோசித்தது எதுவும் இப்போது கைகொடுக்கவில்லை.

“சாச்சா, வாயில புண்ணு இருக்கா?”

“புண்ணு யாருக்கு இல்ல. மணத்தக்காளிக் கீரை தின்னுட்டுத்தான் இருக்கேன்.”

“எவ்ளோ நாளா?”

“நோன்புக்கு முன்னாலேர்ந்து.”

“அந்த ஆறு நம்பரும் உங்களோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

ஷபீ அஹமது மறைக்கவில்லை. “தெரியும் தம்பி. மொத மொத தேவசகாயத்தைக் கூப்பிட்டப்பவே தெரிஞ்சிடுச்சு. பயந்துட்டேன். வெளிய சொன்னா இவங்க வேலை போய்டும். சொல்லாம இருந்தா நான் இன்னா ஆவேனோன்னு இருந்துச்சு. அவனைக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாங்க.” அவர் முகம் தெளிந்தது. “அப்பதான் உசுரு வந்தது. என் எச்சிலைப் பார்த்துத்தானே அவனைக் கூப்பிட்டாங்க? அவனுக்கு ஒண்ணுமில்லன்னா அது எனக்குச் சொன்னதுதானே? அடுத்து கார்முகிலன். அவனுக்கும் இல்ல. ஆறு பேரையும் காட்டிட்டேன். வேற யாருக்கு தம்பி ஆறு வாட்டி டெஸ்ட் பண்ணி, ஆறு வாட்டியும் நல்ல ரிசல்ட் வந்திருக்கு?”

மேரி வேறு பக்கம் பார்த்தாள். முஜாஹித்துக்குக் கோபம் வந்தது, ஆனால் அதைக் காட்ட அங்கே யாரும் இல்லை. அந்த மனுஷன் முட்டாள் இல்லை. பாதி நம்பினார், மீதியை பயம் நம்ப வைத்தது.

“அவங்க பார்த்தது அவங்க வாயை, சாச்சா. உங்க வாயை இன்னும் யாருமே பார்க்கல.”

ஷபீ அஹமது அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு கையிலிருந்த மஞ்சப்பையை மெதுவாகப் பக்கத்தில் வைத்தார்.

முஜாஹித் மறுபடி டாக்டருக்குப் போன் போட்டான். மூன்று விரலை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட்டுப் பார்க்கச் சொன்னாள். நல்ல வாயென்றால் மூன்றும் போகும் என்றாள். பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஜனம் பார்க்க, ஷபீ அஹமது குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். முஜாஹித்தின் ஒரு விரல் போனது. இரண்டாவது பல்லில் தட்டி நின்றது. தாடைக்குக் கீழே கழுத்தைத் தடவச் சொன்னாள். இடது பக்கம் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று, அழுத்தினால் நகராமல் இருந்தது.

முஜாஹித் இரண்டையும் சொன்னான். 

“டாக்டர்?”

“மார்ச்சுல கட்டி இருந்திருக்காது,” என்றாள் நித்யஸ்ரீ.  “எண்பத்து நாலுன்னா அப்ப அது நாக்கு ஓரத்தோட நின்னிருக்கும். வெட்டி எடுத்திருக்கலாம். அந்த நம்பர் அப்பவே சொல்லிடுச்சு. நாங்கதான் ஆறு தப்பான வாயில தேடிட்டு, நம்பரைப் பொய்னுட்டோம்.”

“இப்ப?”

“கூட்டிட்டு வாங்க. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. எவ்ளோ முடியும்னு தெரியல.”

கொலையாகப் போகிறவனைக் கண்டுபிடித்தாகிவிட்டது. கேஸ் முடிந்தது. இத்தனை கேஸில் ஒன்றையாவது முடிக்காமலே இருந்திருக்கலாம் என்று முஜாஹித்துக்குத் தோன்றியது இதுதான் முதல் தடவை. எதிரே வேலூர் பஸ் ஏறுவதற்கு ஆட்கள் முண்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டர் இங்கேயே கிடக்கட்டும் என்று மேரி மூன்று சீட்டுக்காக முன்னால் போனாள்.

ஷபீ அஹமதுவின் சட்டைப் பையில் போன் அடித்தது. “வூட்லேர்ந்து,” என்று சொல்லிவிட்டு, இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரைப் போட்டார். அவர் மனைவி அஃப்ஸர் ஜஹான் வீட்டு உருதுவில் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் முஜாஹித்துக்குப் புரிந்தது.

“ராஜவேலுவுக்கு இன்னா சொன்னாங்க?”

“ஒண்ணுமில்லையாம்.”

“அல்ஹம்துலில்லாஹ். ஆறு பேருக்கும் நல்லபடியா முடிஞ்சிடுச்சு. இனிமே ஆஸ்பத்திரிப் பக்கம் போவ வேணாம். சோறு எடுத்து வெக்கட்டுமா?”

“இல்ல. மறுபடி வேலூர் போறேன். இன்னொரு ஆளைக் காட்டணும்.”

“இன்னொருத்தரா? ஆறு பேர்தானே இருந்தாங்க. இது யாரு?”

ஷபீ அஹமது முஜாஹித்தைப் பார்த்தார். சொல்லித் தரச் சொல்லிக் கேட்கிற பார்வை. முஜாஹித் தலை குனிந்துகொண்டான்.

“யா அல்லாஹ், யாரோ பாவம்,” என்றாள் அஃப்ஸர் ஜஹான். “அவங்க வூட்ல சொல்லிட்டீங்களா?”